கோயமுத்தூரில் ரெண்டு நாள்: புதுக் கடை, புது விளையாட்டு, பழைய சினேகிதர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் கோபி. வேலைக்காகக் கோயமுத்தூர் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, கணபதியில் குடியிருக்கிறேன். வியாழக்கிழமை ராத்திரி ஆனால் போன் அடிக்கும். ஈரோட்டிலிருந்தோ, கரூரிலிருந்தோ, தாராபுரத்திலிருந்தோ யாராவது ஒருத்தர்: "சனி ஞாயிறு நாங்க அஞ்சு பேரு வர்றோம், எங்க சாப்பிடறது, என்ன விளையாடறது?" ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

ஏனுங்ண்ணா, ரெண்டு நாளைக்குக் கோயமுத்தூர்ல அப்படி என்னங்க இருக்குது?

கடல் இல்லை, அரண்மனை இல்லை. ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போகிறவர்கள் பஸ் மாறுகிற ஊர் என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள். ஆனால் நாலு சினேகிதர்கள் சேர்ந்து இதுவரை தின்னாத எதையாவது தின்று, தோற்றவனைக் கேலி பண்ணி, ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேசிக்கொண்டிருக்க இந்த ஊர் தாராளம்.

நான் எல்லாருக்கும் சொல்வது ஒரே கணக்கு: ஒரு நாளைக்கு ஒரு புதுக் கடை, ஒரு தெரிந்த கடை, ஒரு விளையாட்டு. அதற்கு மேல் போடாதீர்கள். கரூரிலிருந்து வந்த ஒரு கோஷ்டி ஒரே சனிக்கிழமைக்கு ஏழு இடம் எழுதிக்கொண்டு வந்தது. நாலாவது இடத்துக்குப் போகும்போது லட்சுமி மில்ஸ் சிக்னலில் கார் நிற்கிறது. உள்ளே ஆறு பேரில் ஒருத்தரும் பேசவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எந்த பஸ் ஸ்டாண்டுல எறங்கறது? ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான்.

எல்லாருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து வருகிறீர்களோ அதைப் பொறுத்தது. ஈரோடு, சேலம், திருப்பூர், கோபி, சத்தி பக்கம் என்றால் காந்திபுரம். கரூர், திருச்சி, மதுரை என்றால் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். மேட்டுப்பாளையம், ஊட்டி என்றால் சாய்பாபா காலனிப் பக்கம் மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ் ஸ்டாண்ட்.

ஆளுக்கொரு ஊரிலிருந்து வருகிறீர்கள் என்றால் பஸ் ஸ்டாண்டில் சந்திக்கிற யோசனையே வேண்டாம். ரூமிலோ, காலை டிபன் கடையிலோ சந்திக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தவன் இட்லி தின்றுகொண்டு காத்திருப்பான், கோபம் வராது.

கார் எடுத்துட்டு வரட்டுமா, பஸ்லயே வந்துரட்டுமா?

நாலு பேர் வரை என்றால் பஸ்ஸோ ரயிலோ போதும். ஊருக்குள் ஆட்டோவும் வாடகை காரும் பிடித்துக்கொள்ளலாம். கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்கார வீதியிலும் சனிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்த இடம் தேடுவது ஒரு தனி விளையாட்டு. அதில் யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

கார்தான் என்றால் ஒன்று. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் திறந்து, ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள். நேராகப் போகிறவர்களுக்கு வரம்தான். நீங்கள் போக வேண்டிய ஹோட்டல் பீளமேட்டில் இருந்தால், எங்கே இறங்க வழி இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஈரோட்டு சினேகிதர் ஒருத்தர் பசியோடு மேலே ஏறி, சாப்பிட வேண்டிய ஹோட்டலை மேலிருந்து பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்.

ரூம் எங்க போடறது? பசங்கன்னா குடுப்பாங்களா?

கொடுப்பார்கள், முன்கூட்டியே எத்தனை பேர் என்று உண்மையைச் சொன்னால். மூன்று பேருக்கு ரூம் போட்டுவிட்டு ஆறு பேர் மாடிப்படி ஏறினால் எந்த மேனேஜரும் சும்மா இருக்க மாட்டார். எல்லாருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும். சில லாட்ஜ்களில் கோயமுத்தூர் முகவரி போட்ட அடையாள அட்டைக்கு ரூம் தருவதில்லை. உள்ளூர் சினேகிதனும் கூடத் தங்கப்போகிறான் என்றால் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

இடம் என்றால் காந்திபுரமோ ஆர்.எஸ்.புரமோ வசதி. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடந்தே ரூமுக்கு வர முடிகிற தூரம்தான் நான் பார்ப்பது.

ஆளுக்கு எவ்வளவு ஆகும்? உண்மையச் சொல்லுங்க, வீட்டுல சொல்லோணும்.

மேலே சொன்ன கணக்குப்படி வந்தால், ரூம் பங்கு, சாப்பாடு, ஆட்டோ, ரெண்டு விளையாட்டு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். நான் கூடப் போன கோஷ்டிகளில் பெரும்பாலும் இதற்குள் முடிந்தது. கையைக் கடிப்பது சாப்பாடு இல்லை, இடையிடையே வாங்கும் ஜூஸும் ஐஸ்கிரீமும் ஆட்டோவும்தான். "இன்னும் ஒரு கேம்" என்பது அடுத்த ஓட்டை.

புது ஹோட்டல்னு ஆசையாப் போயி மொக்கையா இருந்துச்சுன்னா?

இருக்கும். பாதி தடவை அப்படித்தான் இருக்கும். அதற்குத்தான் அந்தத் தெரிந்த கடை. புதுக் கடையை மதியத்துக்கு வைத்துக்கொண்டால், கெட்டுப்போன வாயை ராத்திரி சரி பண்ணிக்கொள்ளலாம். நான் ஒருமுறை இதை மறந்தேன். நூறடி ரோட்டுப் பக்கம் அப்போதுதான் திறந்திருந்த ஒரு கடை, பெயர் வேண்டாம். ராத்திரி எட்டேகாலுக்குப் பெயர் எழுதிக் கொடுத்து, ஒம்பதரைக்கு உட்கார்ந்தோம். ஒரு கண்ணாடிக் கூண்டை மேஜையில் வைத்து, மூடியைத் தூக்கினார் பரிமாறியவர். புகை வந்தது. எல்லாரும் போனை நீட்டினோம். புகை விலகியதும் பார்த்தால் நாலு துண்டு பனீர். நாங்கள் ஏழு பேர்.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் பண்ணுவது இது. அஞ்சு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை விட்டுவிட்டு மூன்று போட்டவர்களைப் படிப்பேன். "ருசி பரவாயில்லை, ஆனா லேட்" மாதிரியான நிஜம் அங்கேதான் இருக்கும். கடைக்காரர் போட்ட படங்களைத் தள்ளிவிட்டு, சாப்பிட்டவர்கள் போன மாதம் எடுத்த படங்களைப் பார்ப்பேன். பிரியாணி, பாஸ்தா, மோமோ, ஷவர்மா நாலும் ஒரே அட்டையில் இருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை.

உள்ளே உட்கார்ந்தபிறகு ரெண்டு தவணையாக ஆர்டர் பண்ணுங்கள். முதலில் ரெண்டே ரெண்டு அயிட்டம், எல்லாரும் ஒரு வாய். பிடித்தால் மேலே சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் பில்லை வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தத் 'தெரிஞ்ச கடை'ன்னு எதைச் சொல்றீங்க?

உங்களுக்கு ஏமாற்றம் தராத கடை எதுவோ அது. எனக்குச் சைவத்துக்கு அன்னபூர்ணா. 1968-இல் ஆரம்பித்தது, சாம்பார் இட்லிக்காகவே ஊருக்குள் பிழைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் கேலி பண்ணுவோம், பண்ணிக்கொண்டே இன்னொரு கரண்டி சாம்பார் கேட்போம். காபி நன்றாக இருப்பதற்குச் சிறுவாணித் தண்ணிதான் காரணம் என்பது இந்த ஊர்க்காரர்களின் பெருமை. நான் மறுத்துப் பேசுவதில்லை, இங்கேயே இருந்தாக வேண்டும் அல்லவா.

கறிக்கு ஜூனியர் குப்பண்ணா மாதிரிக் கடைகள். அது ஈரோட்டில் 1960-இல் தொடங்கியது, ஆகவே ஈரோட்டுக்காரர்களுக்கு இது பயணமே இல்லை, வீடு. அவர்கள் வேறு மெஸ் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிபாளையம் சிக்கன் எங்கூர்லயே கிடைக்குது. அதையா இங்க வந்து திங்கறது?

வேண்டாம். வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்ட அந்தக் கறியைப் பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அங்கேயே தின்னட்டும். அரிசிம்பருப்புச் சோறும் அப்படித்தான். உங்கள் அம்மா செய்வதை எந்த ஹோட்டலும் தாண்டாது.

இங்கே வந்தால் உங்கள் ஊரில் இல்லாததைத் தேடுங்கள். ஆர்.எஸ்.புரம், சுக்கிரவார்பேட்டைப் பக்கம் வடநாட்டுக் குடும்பங்கள் தலைமுறையாக இருப்பதால் சாட், கச்சோரி, ஜிலேபி நிஜமான கையில் கிடைக்கும். உக்கடம், கோட்டைமேடு, என்.எச். ரோடு பக்கம் பிரியாணியும் ராத்திரி வறுத்த மீனும். பாலக்காடு பக்கத்திலேயே இருப்பதால் புட்டு கடலைக்கறியும் பொரிச்ச பத்திரியும் (அரிசிமாவு ரொட்டி) போடும் கடைகள் ஏராளம். ஜப்பான், கொரியா என்று எழுதிப் போட்ட கடைகளும் வந்துவிட்டன. அதில் ஒன்றுக்கு மேல் ஒரு பயணத்தில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ரோட்டுக்கடை காளான்ல காளானே இல்லையாமா?

ரொம்ப நாளாக இருக்கிற சந்தேகம். பல வண்டிகளில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ்தான். முட்டைக்கோஸையும் கொஞ்சம் காளானையும் பொடியாக நறுக்கி, மைதாவிலும் சோளமாவிலும் பிசைந்து, பக்கோடா மாதிரிப் பொரித்து மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்டதும் அதில் ஒரு கை எடுத்துக் கல்லில் போட்டு, ரெண்டு கரண்டிச் சிவப்புக் குழம்பை ஊற்றி, ரெண்டு கையிலும் கரண்டியை வைத்துக் 'டக டக'வென்று கொத்துவார் கடைக்காரர். அந்தச் சத்தத்துக்கே பசிக்கும். வழவழவென்று சேர்ந்ததும் தட்டில் வழித்து, பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவி ஸ்பூனைக் குத்திக் கொடுப்பார்.

கொதிக்கக் கொதிக்க நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். பார்சல் வாங்காதீர்கள், ரூமுக்குப் போவதற்குள் அது பசையாகிவிடும். பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் பார்க்கிற ஆள் உங்கள் கோஷ்டியில் இருந்தால், தின்று முடித்தபிறகு சொல்லுங்கள்.

எங்க கேங்க்ல ரெண்டு பேரு சனிக்கிழமை கறி தொடமாட்டாங்க. எப்படிங்க ஓட்டறது?

நம்ம பக்கத்தில் இது எல்லாக் கோஷ்டியிலும் உண்டு. புரட்டாசி என்றால் ரெண்டு பேர் ஆறு பேராகிவிடுவார்கள். சனிக்கிழமையை முழுக்கச் சைவமாக வைத்து, அன்றைய புதுக் கடையாக வடநாட்டுச் சாப்பாடோ சாட் கடையோ போடுங்கள். கறியை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தள்ளுங்கள்.

ஆனால் ஞாயிறு மதியம் ஊரே கறிக்குக் கிளம்பும். பன்னிரண்டே காலுக்குள் போய் உட்கார்ந்தால் உண்டு. ஒன்றரைக்குப் போனால் வாசலில் நாற்காலி, ரெண்டரைக்குப் போனால் "குடல் முடிஞ்சுதுங்க, தலைக்கறி முடிஞ்சுதுங்க, சிக்கன் மட்டுந்தானுங்க இருக்குது."

விளையாட்டுன்னா என்னென்ன இருக்குது? நாங்க கேரம் போர்டைத் தாண்டினதில்ல.

மால்களில் பவுலிங் (கிரிக்கெட் இல்லை, பந்தை உருட்டிக் கட்டைகளைத் தள்ளுவது), ஆர்கேடு மெஷின்கள், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி ஆடும் வி.ஆர். கேம்கள். வெளியே டர்ஃப் மைதானம்: மணிக்கணக்கு வாடகை, செயற்கைப் புல், ராத்திரி விளக்கு, கிரிக்கெட்டோ கால்பந்தோ ஆடலாம். அப்புறம் எஸ்கேப் ரூம், போர்டு கேம் கபே, ஸ்னூக்கர். தண்ணீர் விளையாட்டு என்றால் மேட்டுப்பாளையம் பக்கம் பிளாக் தண்டர், சிறுவாணி ரோட்டில் கோவை கொண்டாட்டம். ஆனால் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனால் அந்த நாள் அதற்கே சரி. புதுக் கடை கிடையாது, பசிக்கு எது கிடைக்கிறதோ அதுதான்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது சனிக்கிழமை பவுலிங், ஞாயிற்றுக்கிழமை போர்டு கேம். சனி ராத்திரி டர்ஃப் வேண்டுமென்றால் அந்த வாரம் புதன்கிழமையே பதிவு பண்ண வேண்டும். பவுலிங்குக்கு சாக்ஸ் மறக்காதீர்கள். ஷூ அங்கே தருவார்கள், உங்களுக்கு முன்னால் நூறு பேர் போட்டது.

பவுலிங்ல நான் ஒவ்வொரு வாட்டியும் ஒம்பது தட்டுனேன். அவன் அஞ்சஞ்சுதான் தட்டுனான். கடைசில அவன் ஜெயிச்சுட்டான். மெஷின் கோளாறா?

மெஷின் சரியாகத்தான் இருந்தது. ஒரு ஆட்டத்தில் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பத்துக் கட்டைகளைத் தள்ள ரெண்டு பந்து கிடைக்கும். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்டிரைக்: பத்தோடு, அடுத்து வீசும் ரெண்டு பந்தில் விழும் கட்டைகளும் சேரும். ரெண்டு பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்பேர்: பத்தோடு அடுத்த ஒரு பந்தில் விழுவது சேரும். ஒன்றாவது நின்றுவிட்டால் விழுந்தது மட்டுமே கணக்கு.

இப்போது பாருங்கள். நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் முதல் பந்தில் ஒன்பது, ரெண்டாவதைக் கோட்டை விட்டீர்கள்: பத்துச் சுற்றுக்கு 90. அவர் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அஞ்சு, அப்புறம் மிச்சம் அஞ்சு. எல்லாமே ஸ்பேர். ஒவ்வொரு சுற்றுக்கும் பத்தோடு அடுத்த பந்தின் அஞ்சு சேர்ந்து 15. மொத்தம் 150. கடைசி ஒற்றைக் கட்டையை விடுவதுதான் இந்த ஆட்டத்தில் நஷ்டம். எல்லாமே ஸ்டிரைக் போட்டால் 300, அதற்கு மேல் கிடையாது.

போர்டு கேம் கபேல எல்லாமே இங்கிலீஷாமா? எங்க கூட ரெண்டு பேருக்கு அது ஆகாது.

வார்த்தை இல்லாத ஆட்டமாகக் கேளுங்கள். கோட்நேம்ஸ் நல்ல ஆட்டம்தான், ஆனால் முழுக்க இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்தே ஓடுவது. அதற்குப் பதில் டிக்ஸிட். எல்லாமே படச்சீட்டு. ஒருத்தர் தன் சீட்டுக்கு ஒரு குறிப்புச் சொல்வார், மற்றவர்கள் அதற்குப் பொருந்துகிற மாதிரி தங்களிடம் இருப்பதில் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார்கள். எது நிஜமான சீட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் கண்டுபிடித்துவிட்டாலும் குறிப்புச் சொன்னவருக்குப் பூஜ்யம், ஒருத்தரும் கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். குறிப்பைத் தமிழில் சொன்னால் யார் தடுக்கப் போகிறார்கள்? போன தடவை கோபி சினேகிதன் ஒருத்தன் ஆள் இல்லாத மேஜை இருந்த படத்துக்கு "மாமன் வராத சீர்" என்றான். ரெண்டு பேர் பிடித்துவிட்டார்கள், ரெண்டு பேர் ஏமாந்தார்கள். சரியான குறிப்பு அதுதான்.

ஆள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டன் என்பது மூன்று நாலு பேருக்கு. அஞ்சாவது ஆள் வந்தால் கூடுதல் பெட்டி வேண்டும். டிக்ஸிட் பழைய பெட்டி என்றால் ஆறு பேர் வரை, புதுப் பெட்டி என்றால் எட்டு. பெட்டியைத் திறந்ததும் காய்களை எண்ணுங்கள். ஒரு கபேயில் முக்கால் மணி நேரம் ஆடிய பிறகுதான் சீட்டுக்கட்டில் பாதியைக் காணோம் என்று தெரிந்தது.

எஸ்கேப் ரூம்ல பூட்டி வெச்சுருவாங்களாமா? எனக்கு மூச்சு முட்டுமுங்க.

2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஆரம்பித்த விளையாட்டு இது. ஒரு அறைக்குள் விட்டுவிடுவார்கள். உள்ளே ஒளித்து வைத்த துப்புகளைச் சேர்த்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், வெளியே வர வேண்டும். நிஜமாகவே பூட்டுகிறார்களா, அவசரத்துக்கு எப்படித் திறப்பது என்று உள்ளே போகும் முன்பே கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத இடத்தில் ஆட வேண்டாம்.

உள்ளே போனால் கிடைத்த சாவி, எண், சீட்டு எல்லாவற்றையும் ஒரே மேஜையில் போடுங்கள். பயன்படுத்தி முடித்த சாவியைத் தனியாக வையுங்கள். ஆளாளுக்கு ஒரு மூலையில் ரகசியமாகத் துப்பறிந்தால் நேரம் போய்விடும். சுவரில் திருகாணி போட்டு மாட்டியிருப்பது எதுவும் துப்பு இல்லை. எங்களில் ஒருத்தன் ஏசி மூடியைக் கழற்றி, மைக்கில் திட்டு வாங்கினான்.

நைட்டு ரூமுக்கு வந்துட்டா போன் நோண்டிட்டுப் படுத்துக்கறதுதானா?

வரும்போதே வீட்டிலிருந்து தாயக்கட்டையை எடுத்து வாருங்கள். பித்தளைக் கட்டை ரெண்டு, பழைய நியூஸ்பேப்பரில் மார்க்கர் பேனாவால் கட்டம், காய்க்குச் சட்டைப் பொத்தானும் புளியங்கொட்டையும். தாயம் விழாமல் ஒரு காயும் இறங்காது. முப்பது வயசு ஆள் ஒருத்தன் அரை மணி நேரம் ஒரு தாயத்துக்குக் கெஞ்சுவதைப் பார்ப்பதற்கு எந்த மாலிலும் டிக்கெட் கிடையாது. ஆடுபுலியும் போடலாம், மூன்று புலி, பதினைந்து ஆடு.

ஒரு எச்சரிக்கை. டைல்ஸ் தரையில் பித்தளை உருளும் சத்தம் கீழ் ரூமுக்கு இடி மாதிரிக் கேட்கும். பன்னிரண்டே முக்காலுக்கு மேனேஜர் வந்து கதவைத் தட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. துண்டை விரித்து உருட்டுங்கள்.

பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு போட்டிருக்குது. கட்டியே ஆகோணுமா?

வேண்டியதில்லை. ஹோட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. "இதை எடுத்துருங்க" என்று சாதாரணமாகச் சொன்னாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அடம் பிடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. வேறு, அது வரி. சாதாரண ஹோட்டலில் மொத்தம் 5 சதவீதம்; பில்லில் இரண்டரை, இரண்டரை என்று ரெண்டு வரியாக வரும். பரிமாறிய பையனுக்கு டிப்ஸ் கொடுப்பது உங்கள் மனசு. நான் கொடுப்பேன், கையில்.

நான் ரெண்டு இட்லி, அவன் மட்டன் சுக்கா. பில்லை எப்படிப் பிரிக்கறது?

முதல் நாள் காலையில் ஆளுக்கு ஆயிரம் போட்டு ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்கள். ஆட்டோ, தண்ணி பாட்டில், விளையாட்டு, எல்லாரும் கை வைக்கிற தட்டு, எல்லாம் அதிலிருந்து. தனக்கென்று சொல்வது மட்டும் அவரவர் காசு. பத்து இருபது வித்தியாசத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். கறிக்கும் சைவத்துக்கும் நடுவில் வரும் வித்தியாசத்துக்குக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் சைவக்காரர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். குடிக்கிறவர்கள் இருந்தால் அந்தப் பில் எப்போதுமே தனி. அன்றைக்கு அவர்கள் வண்டிச் சாவியும் இன்னொருத்தர் கையில்.

எங்களில் ஒருத்தனுக்கு இப்ப வேலையில்லீங்க. கூப்பிட்டாலும் சங்கடம், கூப்பிடலைன்னா அதைவிடச் சங்கடம்.

கூப்பிடுங்கள். "உனக்கு நாங்க போட்டுக்கறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டபிறகு அவனுக்கு எதுவும் தொண்டையில் இறங்காது. அவனைக் கூப்பிடுவதற்கு முன்பே மற்றவர்கள் பேசி, பயணத்தையே சின்னதாக்கிவிடுங்கள். "இந்த மாசம் எல்லாருக்கும் டைட்டு, ஆளுக்கு ஆயிரத்துக்குள்ள" என்றால் ஆயிரம்தான், ஒருத்தரும் நடுவில் தன் பணக்காரத்தனத்தைக் காட்டக் கூடாது.

எங்களுக்கு இது நடந்தது. ரூம் போடாமல் என் வீட்டு மாடியில் பாய் விரித்தோம். சாயங்காலம் ரேஸ்கோர்ஸில் அந்த ரெண்டரை கிலோமீட்டர் நடைபாதையை ரெண்டு சுற்று, பேசிக்கொண்டே. மால் பக்கம் போகவில்லை. புதுக் கடை என்பது ஒரு தள்ளுவண்டிக் காளான். அவன் தோட்டத்திலிருந்து ஒரு மஞ்சள் பையில் பச்சை நிலக்கடலை கொண்டு வந்திருந்தான். என் வீட்டில் உப்புப் போட்டு வேக வைத்துக் கொடுத்தார்கள். ராத்திரி ரெண்டு மணி வரை தாயம். மூன்று ஆட்டத்திலும் அவன்தான் பழம் எடுத்தான். போகும்போது "அடுத்த மாசம் எப்ப?" என்று முதலில் கேட்டதும் அவன்தான்.

மழை வந்துட்டா? இல்ல, ஒருத்தருக்கு விளையாட்டே புடிக்காட்டி?

அவினாசி ரோட்டில் ஜி.டி.நாயுடு (1893–1974) நினைவாக இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கேயே பழைய கார்களுக்கென்று 2015-இல் திறந்த கூடமும் இருக்கிறது. ஆர்.எஸ்.புரம் பக்கம் வனத்துறை வளாகத்தில் 1902-இல் தொடங்கிய காஸ் மியூசியம், மரமும் பாம்பும் யானை எலும்பும் பார்க்கிறவர்களுக்கு. ரெண்டுக்கும் விடுமுறை நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சினிமா பைத்தியம் என்றால் டவுன்ஹால் பக்கம் வெரைட்டி ஹால் ரோட்டுக்குக் கூட்டிப் போங்கள். திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டியவர். 1914-இல் அவர் கட்டிய வெரைட்டி ஹால் என்ற கொட்டகையின் பெயர்தான் அந்த ரோட்டுக்கு. இப்போது போனால் கடைத்தெருதான். கதை தெரிந்தவன் மட்டும் நின்று பார்ப்பான்.

நாங்க அஞ்சு பொண்ணுங்க. இதே பிளான் எங்களுக்கும் சரியா வருமாண்ணா?

என் தங்கச்சி ரெண்டு தடவை சினேகிதிகளோடு வந்து போனாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரூமைப் போட்டோவைப் பார்த்து முடிவு பண்ணாமல், போன் பண்ணி ரிசப்ஷனில் ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்டாளாம். ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பதுக்குள் முடித்துக்கொண்டு, அதற்கு மேல் ரூமில் ஆட்டம். வாடகை கார் நம்பரை ஒருத்தி தன் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். 181 பெண்கள் உதவி எண், 112 அவசரம். ரெண்டும் எல்லாருடைய போனிலும். "மத்தபடி எங்களுக்கும் அதே காளான், அதே சண்டைதான்" என்றாள்.

ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கெளம்பறது?

மூன்றரைக்குள், அல்லது ஒன்பதரைக்கு மேல். நடுவில் காந்திபுரத்தில் காலேஜ் பிள்ளைகளும் வேலைக்குத் திரும்புகிறவர்களும் சேர்ந்து ஜன்னல் வழியாகப் பை போட்டு சீட் பிடிப்பார்கள்.

ரயில் என்றால் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும். தட்கல் பயண நாளுக்கு முந்தின நாள், ஏசிக்குப் பத்து மணி, ஏசி இல்லாததற்குப் பதினொரு மணி. அதாவது ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டுக்குச் சனிக்கிழமை காலை, சரியாக நீங்கள் அன்னபூர்ணாவில் மசால் தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம். ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதை ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியா, வீட்டுக்கு என்னங்க வாங்கிட்டுப் போறது?

ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் மைசூர்பா. 1948-இல் இந்த ஊரில் ஆரம்பித்த கடை. பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி, பல்லே வேண்டாம். குழந்தைகளுக்குச் சூடாகப் போடும் நேந்திரங்காய்ச் சிப்ஸ். அப்புறம் ஏதாவது ஒரு முக்குப் பேக்கரியில் தேங்காய் பன். இந்த ஊரில் தெருவுக்கு ரெண்டு பேக்கரி இருக்கும், எல்லாவற்றிலும் டீயும் உண்டு. பன்னை மட்டும் கணக்குக்கு மேல் ரெண்டு சேர்த்து வாங்குங்கள். அவினாசி தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே யாராவது பொட்டலத்தைப் பிரிப்பான்.